குடாநாட்டிலே ஏழு ஞாயிறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு வழிகாட்டி நூல்கள் பல உள. அவை நல்லூர்க் கந்தனிடம் அழைத்துச் செல்லும். கீரிமலைக் கேணியிலே நீராட்டும். கோட்டை மதிலில் ஏற்றிப் பண்ணைக் கடலைக் காட்டும். குறிகட்டுவானிலே படகேற்றி நயினாதீவுக்கு அனுப்பிவைக்கும். ஆயின், ஊர் வாசிகசாலைக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டியை நாம் கண்டதில்லை. சென்ற ஆண்டு வைகாசியிலும் ஆனியிலும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் எமக்கு வாசிகசாலைகளிலேயே கழிந்தன. அவற்றுள் நான்கு ஞாயிறுகள் எம்மைக் குடாநாட்டின் நாலு திசைக்கும் இழுத்துச் சென்றன. நாம் போனது படிப்பதற்கன்று. காசுப் பரிசு வைத்து நடந்த ஒரு கரம் சுற்றுப்போட்டியிலே ஆடுவதற்கு.

தமிழகத்தார் கேரம் என்பதை ஈழத்தவர் கரம் என்பர். இவ்வாட்டத்தை அறியாத தமிழர் அரியர். அதன் அளவுகளை அறிந்தவரும் அரியரே. ஆடுமிடம் 74 சென்ரிமீற்றர்ச் சதுரம். மூலைக்கு ஒன்றாக, 4.45 சென்ரிமீற்றர் விட்டமுள்ள நான்கு குழிகள். வெள்ளைக்காய் ஒன்பது, கறுப்புக்காய் ஒன்பது, நடுவிலே சிவப்பு ஒன்று. அடிக்கும் வட்டாகிய ஸ்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படலாகாது. முதலிலே 25 புள்ளி எடுத்தவர், அல்லது எட்டாவது பலகை முடியும்போது முன்னிற்பவர் வென்றவராவார். மேனாட்டார் பச்சைத் துணி விரித்த மேசையிலே கோல்கொண்டு பந்தைக் குழியில் வீழ்த்தும் 'பூல்' ஆட்டத்துக்கு எமது கரம் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். அந்த மேசைக்குத் தனியறையும் பெரும்பணமும் வேண்டும்; இதற்கு நாலு கதிரையும் ஒரு விளக்கும் போதும். குழியில் வீழ்த்தும் கலை எம் நாட்டுக்குப் புதிதுமன்று. 1973இலே பில்லியாட்ஸ் ஆட்டத்தில் உலக அமெச்சூர் வெற்றிவீரரான எம். ஜே. எம். லாபீர் இலங்கையர், 2012இலே கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியிலே ஆடவர் பட்டத்தை வென்ற நிஷாந்த பெர்னாண்டோவும் இலங்கையரே.

வாசிகசாலை

யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரை ஊராக்குவன மூன்று: கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலிருந்தபடியே ஊரவர்க்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்கு அதுவே வித்து. அந்நூலகம் 1981இலே எரியூட்டப்பட்ட கதையை உலகம் அறியும். ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்ற சின்னஞ்சிறு வாசிகசாலைகள் போர்க்காலத்திலே எத்தனை முறை இடிந்து எத்தனை முறை எழுந்தன என்பதை அவ்வவ்வூரார் மாத்திரமே அறிவர்.

அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முன்னே ஒரு விறாந்தை. பத்திரிகை விரித்த நீண்ட மேசை. இரு பக்கமும் வாங்கு. சுவரிலே ஊரிற் பிறந்து பெருமை பெற்ற ஒருவரின் படம். பூட்டிய அலுமாரிக்குள் நூல்கள். அலுமாரித் திறப்பு எவரிடமோ. சுவரோடு சாத்திவைத்த கரம் பலகை மாத்திரம் பூட்டின்றி இருக்கும். பொழுதுபட்டதும் அது தானாகவே மேசைக்கு வந்துவிடும்.

1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமமாயிற்று. எமது பதின்பருவம் அக்காலத்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதிலே சிறிதளவு எண்ணெயை ஊறவிட்டு எரித்த விளக்கிலே நாம் படித்தோம். படித்ததாக வீட்டாருக்குச் சொல்லிவிட்டு அதே விளக்கிலே கரம் ஆடினோம். பலகையின் தூரத்து மூலை இருளிலே கிடக்கும். காய் குழியில் விழுந்ததைக் கண் காணாது, செவிதான் கேட்கும். இன்றும் நாற்பது கடந்த யாழ்ப்பாணத்து ஆட்டக்காரர் பலர் தலையைச் சற்றுச் சாய்த்து, அடித்த காயைக் காதால் தொடர்வதை நாம் கவனித்திருக்கிறோம்.

பரிசா, சூதா?

சுற்றுப்போட்டிக்குக் காரணம் சுவிற்சர்லாந்திலே வாழும் ஓர் அன்பர். அறுபதினாயிரம் ரூபா அனுப்பி, "பெடியளைப் போனிலிருந்து பலகைக்குக் கொண்டு வாருங்கோ" என்று எழுதினாராம். எட்டு ஊர் வாசிகசாலைகள் இணங்கின. ஒவ்வொரு குழுவிலும் நால்வர். ஒரு சந்திப்பிலே ஒற்றையராட்டம் இரண்டு, இரட்டையராட்டம் ஒன்று. ஒவ்வொரு குழுவும் ஏனைய ஏழு குழுக்களையும் ஒவ்வொரு முறை சந்திக்கவேண்டும். வென்றால் இரண்டு புள்ளி. முதற்பரிசு நாற்பதினாயிரம் ரூபா, இரண்டாம் பரிசு இருபதினாயிரம்.

இங்கேதான் தருக்கம் எழுந்தது. காசு என்ற சொல் காதில் விழுந்ததும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுந்தார். சூதுக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம், தொண்ணூற்றுநான்காவது, ஒதுக்கியிருக்கிறார். கோயில்தோறும் பாரதம் படிக்கிற நாட்டிலே தருமன் பட்டபாடு போதாதா என்று கேட்டார். எவரும் சிரிக்கவில்லை. ஊர்ப்பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே பணயம் கட்டித் தோற்கும் காலமாதலால் அவருடைய அச்சம் வெறும் அச்சமன்று. ஆங்கிலேயர் இயற்றிய சூதாட்டக் கட்டளைச் சட்டமும் எம் நாட்டில் இருந்தது.

எம்மைக் கேட்டால், சூதையும் பரிசையும் பிரிக்கும் கோடு காசிலே இல்லை. அந்தக் காசு யாருடையது என்பதிலே இருக்கிறது. தோற்றவன் மடியிலிருந்து வென்றவன் மடிக்குப் போவது பணயம். இருவர் மடியிலிருந்தும் வராதது பரிசு. இரவு பதினொரு மணிவரை பேசி, கூட்டமும் அவ்வாறே முடிவு செய்தது. குழுவுக்கு இரண்டாயிரம் ரூபா நுழைவுப்பணம். அது பவுடருக்கும், நடுவரின் பஸ் கூலிக்கும், கடைசி நாட் சாப்பாட்டுக்கும் மாத்திரமே செல்லும். பரிசிலே அதன் ஒரு சதமும் சேராது. இதைவிட, குழுவுக்கு மூவாயிரம் பிணைப்பணம். ஒரு சந்திப்புக்கேனும் வராவிட்டால் புள்ளியும் போகும், பிணைப்பணமும் போகும். இந்தக் கடைசி விதியை எழுதியவர் அதன் வலிமையை அறிந்து எழுதினாரோ, அறியாமல் எழுதினாரோ, பின்பு பெரிய வேலையொன்றை அதுதான் செய்தது.

ரொறன்ரோவிலே வாழும் எமது மைத்துனர் ஒருவர் அங்கே பூல் லீக் ஒன்றிலே ஆடுபவர். அவர் தொலைபேசியிலே ஒரு யோசனை சொன்னார். அமெரிக்காவிலே 1979இல் தொடங்கப்பட்ட பூல் ஆட்டக்காரர் சங்கம், தொழிலுக்குப் போய்வந்து மாலையிலே ஆடும் சாதாரண மனிதர்க்காக ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. எட்டாம் பந்து ஆட்டத்திலே ஒவ்வொருவர் ஆற்றலுக்கும் 2 முதல் 7 வரை ஓர் இலக்கம் இடுவர். களமிறங்கும் ஐவரின் கூட்டுத்தொகை 23ஐத் தாண்டலாகாது. வல்லவர் ஐவரை ஒரே குழுவிலே திரட்டிக் காசை அள்ளிக்கொண்டு போகாதபடி போட்ட வேலி இது. ஆயின் வேலியிலும் பொட்டு வைப்போர் உண்டாம். சில்லறை ஆட்டங்களிலே வேண்டுமென்று தோற்று, தம் இலக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பரிசு வரும் வேளையிலே சுயரூபம் காட்டுவராம்.

இந்த யோசனையைக் கூட்டத்திலே சொன்னோம். ஒருவரும் ஏற்கவில்லை. தன் ஆற்றல் இரண்டுதான் என்று எழுத்திலே ஒப்புக்கொள்ள யாழ்ப்பாணத்தான் எவன் முன்வருவான்? அதற்குப் பதிலாக, ஆடுபவர் அந்த வாசிகசாலையிலே இரண்டு ஆண்டுகளாவது அங்கத்தவராய் இருந்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கொழும்பிலிருந்து ஆளிறக்க எண்ணியிருந்த ஒரு குழுவின் முகம் அப்போது வாடியதை நாம் கண்டோம்.

வல்லை வெளி தாண்டி

எமது ஊர் வலிகாமத்து மானிப்பாய்ப் பக்கம். குழுவிலே நால்வர்: வங்கி எழுதுவினைஞர் ஒருவர், மின்சார வேலை செய்யும் இளைஞர் ஒருவர், வாசிகசாலைத் தனாதிகாரியான அறுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர், கல்லூரியிலே கற்பிக்கும் நாம். முதலாம் ஞாயிறு எமது ஊரிலேயே வென்றோம். இரண்டாம் ஞாயிறு வடமராட்சிக்குப் போனோம்.

பருத்தித்துறை வீதியிலே கோப்பாய் தாண்டினால் செம்பாட்டு மண்ணும், நீர்வேலி வாழைத் தோட்டங்களும். அச்சுவேலி கழிந்ததும் வீடும் மரமும் திடீரென்று நின்றுவிடும். அதுதான் வல்லை வெளி. சோளகக் காற்று குறுக்கே அடிக்க, மோட்டார்ச் சைக்கிளை ஒருக்களித்தே ஓட்ட வேண்டியிருந்தது. பின்னாலிருந்த பெரியவர் ஸ்ரைக்கர் வைத்த சிறு பெட்டியைச் சட்டைப்பைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். உடைமை பறந்தாலும் ஸ்ரைக்கர் பறக்கக் கூடாதென்பது அவர் கொள்கை. பாலம் கடந்தால் மொழி ஒன்றே, மனிதர் வேறு. பாக்குநீரிணையை 1954இலே நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971இலே போய்வரவும் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனையும் தந்த கரையல்லவா!

எம்மை எதிர்த்தவர் நால்வரும் கடற்றொழிலாளர். இரவு தொழிலுக்குப் போய்வந்து, பகல் உறங்கி, நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு பலகைக்கு வந்திருந்தார்கள். கடலுக்கு முந்நூறு யார் தள்ளி வாசிகசாலை. உப்புக் காற்றிலே பலகை ஈரம் பிடித்திருந்தது. பவுடர் தூவிய சற்று நேரத்திலே திரளையாகிவிடும். எமது செம்மண் நாட்டு உலர்ந்த பலகையிலே வழுக்கி ஓடிப் பழகிய காய், அங்கே பாதிவழியிலே களைத்து நின்றது. அவர்களோ அந்த ஈரத்துக்கென்றே பிறந்தவர்கள். வலை இழுத்துக் காய்த்த விரலாற் சுண்டினால் ஸ்ரைக்கர் எதிர்ச் சட்டத்திலே மோதித் திரும்பி வந்து, பின்னாலிருந்த காயை வீழ்த்தும். மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். தோற்றவர்க்குப் பருத்தித்துறை வடையும் தேநீரும் தந்தார்கள். அந்த வடையின் காரத்திலே கண்ணீர் வந்தது. எதனால் வந்ததென்று எவரும் கேட்கவில்லை.

காரைநகரிலே

நாலாம் ஞாயிற்றுப் பயணம் வேறு வகையானது. பொன்னாலைப் பாலத்தின் இருபுறமும் ஆழமற்ற கடல். அதன் அப்பால் காரைநகர். வீதிக்கு வீதி பெரிய வீடுகள். பெரும்பாலானவற்றின் படலையிலே பூட்டு. வாசிகசாலையோ எமது கண்ணைப் பறித்தது. பளிங்குபோல் தரை, கண்ணாடி அலுமாரி, நாலு மின்விசிறி, ஒரு கீறலும் இல்லாத புதிய பலகை. வெளிநாட்டிலே வாழும் ஊரவர் மனமுவந்து கட்டிக்கொடுத்தது. நாலு ஆட்டக்காரரைத் திரட்டுவதுதான் அவர்களுக்குப் பாடாயிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய இருவரும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் இருவரும் வந்திருந்தார்கள். இடைவயதிலே ஒருவரும் இல்லை. அவர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தார்கள். நாம் வென்றோம். பரிசு கிடைத்தால் என்ன செய்வதாக எண்ணியிருந்தீர்கள் என்று அந்த மாணவரிடம் கேட்டபோது, "ஐஈஎல்ரீஎஸ் சோதினைக்குக் கட்டலாம் எண்டு நினைச்சனாங்கள், சேர்" என்றான் ஒருவன். அந்தத் தீவிலிருந்து மேலும் இருவர் புறப்படுவதற்கு எமது வெற்றி சிறிது தாமதம் விளைத்தது போலும்!

ஐந்தாம் ஞாயிறு

அடுத்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. குடாநாட்டவர்க்குச் சொல்லாமலே விளங்கும். பிறர்க்குப் பெயர் வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்து வாசிகசாலைகள் ஊருக்கொன்றாக மட்டும் எழுந்தவையல்ல, குறிச்சிக்கொன்றாகவும் எழுந்தவை. ஏன் அவ்வாறு எழுந்தன என்பது எம்மவர் வெளியே பேசாத கதை. 1929, 1930ஆம் ஆண்டுகளிலே பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலே இருக்கவேண்டும் என்ற சமாசன முயற்சிக்கு எத்துணை எதிர்ப்பு எழுந்ததென்பதை வரலாறு படித்தோர் அறிவர். 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இலே மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே போராட்டம் நடந்தது. பின்பு வந்த பெரும் போர் எல்லாரையும் ஒரே அகதி முகாமிலே, ஒரே வரிசையிலே நிறுத்தியது. அத்தோடு அது முடிந்தது என்பாரும் உளர். முகாம் கலைந்து வீடு திரும்பியவர் பலர், வேலியையும் திருத்திக் கட்டிக்கொண்டனர் என்பதே நாம் கண்டது.

வெள்ளிக்கிழமை மாலை எமது பெரியவர் வாசிகசாலைக்கு வந்து, "நான் ஞாயிற்றுக்கிழமை வரேல்லை. அந்த ஆட்டத்தை விட்டுக்குடுங்கோ" என்றார். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஊர் எமது ஊரிலிருந்து சைக்கிளிலே இருபது நிமிடத் தூரம். அறுபத்தாறு ஆண்டுகளிலே அவர் அந்த ஒழுங்கைக்குள் போனதில்லை.

நால்வரில் ஒருவர் குறைந்தால் குழு வராததாகவே கொள்ளப்படும். மூன்று வெற்றியோடு ஆறு புள்ளி எடுத்து இரண்டாம் இடத்திலே நின்றோம். எமது கல்லூரியிலே சமத்துவம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருபவராகிய நாம் பேச வாயெடுத்தோம். மின்சார இளைஞர் முந்திக்கொண்டார். "அப்பு, மூவாயிரம் பிணைக்காசும் போகும். பரிசிலை உங்கட பங்கு ஐயாயிரம் போகும். எங்கட பங்கும் போகும். எனக்கு அது தேவை" என்றார். அவ்வளவுதான். பெரியவர் நெடுநேரம் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு மூன்று மணிக்கு வெள்ளை வேட்டியுடுத்து, ஸ்ரைக்கர்ப் பெட்டியுடன் வாசலிலே நின்றார்.

அங்கே எம்மை வரவேற்றவர் வாசிகசாலைத் தலைவர், தபாற்கந்தோரிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரியவரின் வயதினர். "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை காட்டினார். சிறிது நேரத்திலே ஒரு தட்டம் வந்தது. அதிலே பாதிக்குத் தேநீர்க் கோப்பைகள். மறுபாதியிலே மூடி திறக்காத சோடாப் போத்தல்கள். யாழ்ப்பாணத்துச் சோடாப் போத்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. தேநீர்க் கடைகளிலே கோப்பை மறுக்கப்பட்டவர்க்குப் போத்தலிலே கொடுப்பது ஒரு காலத்து வழக்கம். மறுபுறம், தாம் கைநனைக்க விரும்பாத வீட்டுக்குப் போக நேர்ந்தவர் பத்திரமாகக் குடிக்கக் கூடியதும் மூடி திறக்காத போத்தலே. அந்த முதியவர் இரண்டையும் அறிந்தவர். ஒரு சொல்லும் சொல்லாமல் தட்டத்தை நீட்டினார். எமது பெரியவர் சோடாவை எடுத்தார். தலைவரே மூடியைத் திறந்து கொடுத்தார். நாம் மூவரும் தேநீர் குடித்தோம், இனிப்பு அதிகம்.

பின்பு ஆட்டம். பெரியவர் அன்று ஆடியது போல் நாம் அவரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒற்றையரிலே எதிரே இருந்தவன் பத்தொன்பது வயதுப் பையன், கொத்தனாருக்குக் கையாள், கண் கூர்மையானவன். ஏழு பலகை நீண்டது ஆட்டம். ஆறாம் பலகையிலே அவனுடைய ஸ்ரைக்கர் அடிக்கோட்டைச் சரியாகத் தொட்டிருந்ததா இல்லையா என்று தகராறு. நடுவர் குனிந்தார், பெரியவர் குனிந்தார், பையன் குனிந்தான், மூன்று தலையும் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்குக் கோட்டைப் பார்த்தன. கால்மணி நேரம் வாதம். கடைசியிலே பையன் பக்கம் தீர்ப்பாயிற்று. எனினும் பெரியவரே வென்றார், 25க்கு 21.

ஆட்டம் முடிந்து நாம் புறப்பட்டபோது பெரியவரைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் இன்னும் பலகையடியிலே நின்றார். "ஐயா, அந்தக் கடைசிக் காயை எப்பிடி வெட்டினீங்கள்? ஒருக்கால் காட்டுங்கோ" என்று பையன் கேட்டிருக்கிறான். பெரியவர் முதலிலே வாயாற் சொன்னார். அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு அவன் வலக்கையைப் பற்றி, பெருவிரலை மடக்கி, நடுவிரலை நகத்தின்மேல் நிறுத்தி, மணிக்கட்டைத் தாழ்த்தி, "இப்ப அடி" என்றார். காய் போகவில்லை. "இன்னொருக்கால்" என்று மறுபடியும் பற்றினார். தலைவர் வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாம் மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்பாமல் காத்திருந்தோம். ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ காய் குழியிலே விழுந்தது. வழியிலே பெரியவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. சோடா வாயுக் கோளாறு செய்கிறது என்று மாத்திரம் சொன்னார்.

கொடிகாமத்திலே

ஆறாம் ஞாயிறு ஊரிலே வென்றோம். ஏழாம் ஞாயிறு தென்மராட்சி. கொடிகாமத்துக் குழுவுக்கும் எமக்கும் பத்துப் பத்துப் புள்ளி. அன்று வென்றவருக்கே நாற்பதினாயிரம். முன்னொரு காலத்திலே கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்குத் தட்டிவான் ஓடும். மனிதரும் மாம்பழமும் பலாப்பழமும் ஒரே கூலியிலே போவது போல் அதிலே நெருங்கியிருப்பர். தட்டிவான் போய்விட்டது, பழம் போகவில்லை. சந்தையிலே கறுத்தக்கொழும்பான் குவிந்து கிடந்தது. வாசிகசாலை முற்றத்திலே நூறு பேர் திரண்டிருந்தார்கள். உள்ளே இடமில்லாதவர் யன்னலிலே தொங்கினார்கள். யன்னலில் நின்றவர் உள்ளே பாராதவர்க்கு ஆட்டத்தை அஞ்சல் செய்தார்.

அவர்கள் தலைவன் தரையோடு பதிக்கும் தொழிலாளி. எமது கல்லூரியிலே சாதாரணதரம்வரை படித்தவன். தந்தை இறந்தபின் படிப்பை விட்டவன். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றான்; இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அந்த மரியாதை முழுவதையும் மறந்துவிட்டான். மூன்றாம் பலகையிலே எமது வெள்ளைக்காய் ஒன்று குழியின் வாயிலே இருந்தது. அதன் முன்னே தன் கறுப்புக்காயைக் கொண்டுவந்து நிறுத்தி வழியை அடைத்துவிட்டு, மெல்லச் சிரித்தான். 25க்கு 9 என்று எம்மை முடித்தான். பெரியவர் தம் ஆட்டத்தை வென்றார், இரட்டையரிலே தோற்றோம். அவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம். அவன் தன் பங்கிலே மகளுக்குச் சைக்கிள் வாங்கினான் என்று பின்பு அறிந்தோம். 2024இலே அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையிலே மூன்று தங்கப்பதக்கம் வென்ற சென்னைக் காசிமாவுக்குத் தமிழ்நாட்டரசு ஒரு கோடி ரூபா வழங்கியது. அந்தப் பெண்ணின் தந்தை ஓட்டோ ஓட்டுபவர். கரம் பலகையிலே காசு வந்து சேரும் வீடுகள் பெரும்பாலும் இத்தகையனவே. அமெச்சூர் ஆட்டத்தின் தூய்மை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். நாமும் மாதச் சம்பளக்காரரே. ஆகையால் அதைச் சற்று அடக்கிப் பேசுகிறோம்.

எமக்கு இரண்டாம் பரிசு. நால்வருக்கும் ஐயாயிரம். வாசிகசாலைக்கே கொடுத்துவிடலாமா என்று வங்கி நண்பர் தொடங்கினார். மின்சார இளைஞர் தலையசைக்கவில்லை, பெரியவரும் அசைக்கவில்லை. பங்கிட்டுக்கொண்டோம்.

இவ்வாண்டுக்கான அட்டவணை மாசியிலே வந்தது. சென்ற முறை நாம் போன ஊரார் இம்முறை எம்மிடம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாம் ஞாயிறு யார் வருகிறார்கள் என்பதைத் தனாதிகாரியாகிய பெரியவரே வாசித்தார். செலவுத் திட்டத்தையும் அவரே எழுதினார். பவுடர், தேயிலை, சீனி, பால்மா, பணிஸ், புதிதாகத் தேநீர்க் கோப்பை ஆறு. சென்ற ஆண்டுப் பட்டியலிலே இருந்த சோடாவைக் காணோமே என்று யாரோ கேட்டார்கள்.

"சோடா விலை ஏறிப்போச்சு" என்றார் பெரியவர்.